உள்ள வர்ற இடம்

நீங்க இப்படி ஜன்னல் பக்கமா போயிருங்க சார். எனக்கு ஜன்னல்ல பாக்க ஒண்ணுமில்ல, இந்த மலைய ஏறி எறங்கியே பாதி ஆயுசு போச்சு. நீங்க எனக்கு வலது பக்கமா இருந்தா பேச வசதி. இடது காது கொஞ்சம் அடைச்சிருக்குதுங்க. மலைன்னா அப்படித்தான், ஏறினா அடைக்கும், எறங்கினா தெறக்கும். இந்தத் தடவ தெறக்கறதுக்குக் கொஞ்சம் நாளாகுது, அவ்வளவுதான்.

கண்டக்டர் என்னமோ கேட்டுட்டு நிக்கறாரு பாருங்க. டிக்கெட்டா? எடுத்தாச்சுன்னு சொல்லிருங்க. எல்லநள்ளியில ஏறினேன், கோயம்புத்தூருக்கு. இந்தக் காலத்துல யாருமே வாயத் தெறந்து பேசறதில்ல சார், எல்லாம் முணுமுணுப்புத்தான்.

சாவு வீட்டுல இருந்து வர்றேனுங்க. சொந்தமான்னா சொந்தமில்ல, சொந்தத்துக்கும் மேல. எபநேசர்னு பேரு. எபி, எபின்னு கூப்பிடுவோம். நேத்து கேத்தியில அவன அடக்கம் பண்ணினாங்க. நெஞ்சு வலின்னு உக்காந்தானாம், எந்திரிக்கவே இல்லையாம். கிட்டார் வாசிப்பான். நான் பாடுவேன், என் பேரு விக்டர். சினிமாப் பாட்டு இல்லைங்க, இங்கிலீஷ் பாட்டு. ராக்கு, ஜாஸு. கிளப்பு, பெரிய ஓட்டலு, கிறிஸ்துமஸ் டான்ஸு, எஸ்டேட்காரங்க வீட்டுக் கல்யாணம், இப்படி எங்க கூப்பிட்டாலும் போவோம். போத்தனூர் ரயில்வே காலனியில ரெண்டு பேரும் ஒண்ணா வளந்தவங்க. அவன் கேத்திப் பொண்ணக் கட்டிக்கிட்டு மலைக்குப் போயிட்டான், நான் கீழயே நின்னுட்டேன். ஆனா மேடைன்னா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஏறுவோம்.

செத்தவனப் பத்திக் குறை சொல்லக் கூடாதுன்னு சொல்லுவாங்க. நானும் சொல்லல. நடந்தத நடந்தபடி சொல்லணும்ல? கடைசி சீசன்ல அவன் எனக்குப் பண்ணினது அநியாயம் சார். நெஞ்சுல கை வச்சு சொல்றேன், அநியாயம்.

நீங்க இங்கிலீஷ் பாட்டு கேப்பீங்களா? தலையாட்டறீங்க, சரி. அப்ப இன்ட்ரோன்னா உங்களுக்குத் தெரியும். பாட்டுக்காரன் வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி கிட்டார் மட்டும் தனியா வரும் பாருங்க, அது. எங்க குரூப்புல பாட்டோட பேரச் சொல்றதே கெடையாது, இன்ட்ரோவுக்குத்தான் பேரு. ஒண்ணு 'லாரி'. குளிர்ல நின்ன லாரிய விடிகாலையில ஸ்டார்ட் பண்ற மாதிரி தடிக்கம்பியில உறுமி உறுமி நிக்கும், அப்புறம் சட்டுன்னு பத்திக்கும். ஒண்ணு 'கோழி'. கொத்தும், நிமிந்து பாக்கும், மறுபடி கொத்தும். அப்புறம் 'ஊதுவத்தி'. அது ஜாஸு. மெதுவா, வளைஞ்சு வளைஞ்சு மேல போகும், எங்க முடியுதுன்னே தெரியாது. புதுசா வர்ற ட்ரம்ஸ்காரன் 'அண்ணே, அடுத்தது என்ன?'ன்னு கேட்டா 'கோழி'ம்பான் எபி. அவன் முழிப்பான். நாங்க சிரிப்போம்.

அந்த ஊதுவத்திய எபி வாசிச்சுக் கேக்கணுங்க. நான் எத்தனையோ பேர் வாசிச்சுக் கேட்டிருக்கறேன், பெரிய பெரிய ஆளுங்க ரெக்கார்டெல்லாம் கேட்டிருக்கறேன். இவன் வாசிச்சா வேற. ஒரு வார்த்த கெடையாது, ஆனா கேக்கறவன் கையில இருக்கற தட்டக் கீழ வச்சுருவான். நான் பக்கத்துலயே நின்னுட்டு, பாடணுமேங்கற நெனப்பே இல்லாமக் கேட்டுட்டு நிப்பேன். கடைசி வளைவுல ஒரு சின்ன எடம் விடுவான், ஒரு மூச்சு இழுக்கற அளவு. அதுல நான் உள்ள வந்துருவேன். மத்த பாட்டுக்காரங்கல்லாம் வெரல மடக்கி எண்ணுவாங்க, நான் எண்ணினதே கெடையாது. அவன் கதவத் தெறப்பான், நான் உள்ள போவேன். காதுல விழும், வாய் தெறக்கும். அவ்வளவுதான் எங்க வித்தை.

இதுல பாவம் யாருன்னா பாட்டுக்காரந்தான் சார். ஜனங்க புத்தி அப்படி. லாரி உறுமினதும் 'ஓ'ன்னு கத்துவாங்க, கை தட்டுவாங்க, பொண்டாட்டி கையப் புடிச்சு இழுத்துட்டு ஆட வருவாங்க. நான் வாயத் தெறக்கறப்ப எல்லாக் கண்ணும் தட்டுக்குப் போயிரும், கோழிக்கறிக்கு. வாசல்ல கோலத்தப் பாத்து ஆஹா ஓஹோன்னுட்டு வீட்டுக்குள்ள வராமலே போற மாதிரி. அப்பவும் நான் பொறாமப்பட்டதில்ல. எபிக்கு வர்ற கைதட்டு எனக்கு வர்ற கைதட்டுன்னுதான் இருந்தேன், இந்த வருஷம் வரைக்கும்.

ஆரம்பிச்சது எங்கன்னு யோசிச்சுப் பாத்தா, சீசனுக்கு முன்னாடி சர்ச்சுல ஒரு காது முகாம் நடந்துச்சுங்க. எபி கேத்தியில இருந்து எறங்கி எங்க வீட்டுக்கு வந்துட்டான். 'எனக்குக் காது சரியில்லடா விக்டர், கூட வா, தனியா போகக் கூச்சமா இருக்குது'ன்னான். பாவம்னு போனேன். போன எடத்துல, 'நீயும் சும்மாதான உக்காந்திருக்கற, பாத்துக்கோ'ன்னு என்னையும் உக்கார வச்சுட்டான். காதுல ஒரு ஹெட்போன மாட்டி, கையில ஒரு பட்டனக் குடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்கன்னாங்க. நான் உக்காந்தேன், உக்காந்தேன், சத்தமே வரல. அப்புறம் எப்பவோ தூரத்துல குருவி கத்தின மாதிரி ஒண்ணு, அமுக்கினேன். எபி முறை வந்தப்ப பாக்கறேன், அமுக்கித் தள்ளறான். காது சரியில்லைன்னு வந்தவன் அவன்! எனக்கு மாட்டினப்ப மெஷின்ல கரண்டு ஒழுங்கா வரல போல. இலவச முகாம்னா அப்படித்தான. காத டெஸ்ட் பண்ணின பொண்ணு எபியத் தனியாக் கூப்பிட்டு என்னமோ நேரம் போறது தெரியாமப் பேசிட்டு இருந்துச்சு. அவன் மூஞ்சி தொங்கிப் போச்சு. 'என்னடா, காது போச்சா?'ன்னு கேட்டேன், தமாசுக்குத்தான். 'ஆமாண்டா'ன்னு என் தோள்ல கையப் போட்டுக்கிட்டான். வீடு வர்ற வரைக்கும் கைய எடுக்கல.

அப்ப நெனச்சேன், பாவம், கிட்டார்காரனுக்குக் காது போச்சுன்னா என்ன கதின்னு. அதனாலதான் சொல்றேன், சீசன்ல அவன் பண்ணினதுக்கெல்லாம் நான் மொதல்ல கோவிச்சுக்கவே இல்ல. காது கேக்காம நீட்டி வாசிக்கறான்னு விட்டுட்டேன்.

ஆமாங்க, நீட்டறான். ஊட்டில ஒரு பெரிய ஓட்டல், பேரு எதுக்கு, வருஷா வருஷம் சீசனுக்கு எங்களத்தான் கூப்பிடுவாங்க. மொத நாள் லாரி. ஒரு ரவுண்டு உறுமினா நான் உள்ள வரணும். எபி ரெண்டாவது ரவுண்டு போறான். மூணாவது போறான். நான் திரும்பிப் பாக்கறேன், அவன் என் மூஞ்சியவே பாத்துட்டு வாசிக்கறான். பாத்துட்டே கிட்டார் கழுத்த மேல தூக்கி என் மூஞ்சிக்கு நேரா எறக்கறான், மாட்டுக்குத் தார்க்குச்சியக் காட்டற மாதிரி. சரி, வந்து தொலைக்கறேன்னு பாட ஆரம்பிச்சேன். அடுத்த நாள் கோழியும் அப்படியே. அதுக்கடுத்த நாள் நான் நிக்கற பலகையிலயே வந்து ஏறி நின்னுக்கிட்டான். நின்னு, காலத் தட்டறான். சும்மா தட்டறதில்லைங்க, பலகை அதிர்ற மாதிரி, என் உள்ளங்கால்ல ஏறற மாதிரி தட்டறான். எனக்கு மானம் போகுது. ஏண்டா, எத்தன வருஷமா பாடறேன், எனக்குத் தாளம் சொல்லித் தர்றியா?

கம்பிய வேற என்னமோ பண்ணிட்டான். அந்த மெல்லிய கம்பி இருக்கு பாருங்க, கண்ணாடி மாதிரி கணீர்னு வரும், அது வரவே மாட்டேங்குது. போர்வையப் போத்தி வாசிக்கற மாதிரி இருக்குது. 'கம்பிய மாத்துடா'ன்னேன். மாத்தினான். அப்பவும் அப்படியே. 'நல்ல கம்பியாப் பாத்து மாத்துடா கஞ்சப்பயலே'ன்னேன். சிரிக்கறான். இன்ட்ரோவக் குறைன்னு சொன்னா மட்டும் தலையாட்டுவான், மறுநாள் மறுபடி நீட்டுவான். செவிடன் காதுல ஊதின சங்குதான்.

மன்சூர்னு எங்க ட்ரம்ஸ்காரன். நல்ல பையன்தான், கல்யாணமாகி ரெண்டு பிள்ளைங்க இருக்குது, எனக்குப் பையன்தான். ஒரு நாள் மேடைக்குப் பின்னாடி வந்து என் மூஞ்சிக்கு நேரா நின்னுட்டு, 'விக்டரண்ணே, கோயம்புத்தூர் போனதும் நல்ல காது டாக்டராப் பாருங்க'ன்னான். எனக்கு வந்துச்சே கோவம்! நாள் பூரா டமால் டுமீல்னு அடிக்கறவன் எனக்குக் காதப் பத்தி சொல்றான். 'மலையில காது அடைக்கும்டா, கீழ எறங்கினா சரியாப் போயிரும், நீ உன் ட்ரம்ஸ் குச்சியப் பாரு'ன்னேன். எபி தூரத்துல நின்னு அவன முறைக்கறான். அப்பவே எனக்குச் சந்தேகம், ரெண்டு பேரும் சேந்து என்னமோ பண்றாங்கன்னு.

சந்தேகம் சரியாத்தான் போச்சுங்க. ஓட்டல் மேனேஜர் நம்பியார்னு ஒருத்தர். அவரும் எபியும் ஆபீஸ் ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு பேசறாங்க. கண்ணாடிக் கதவு. நான் வெளிய நின்னு பாக்கறேன். நம்பியார் மேடைப் பக்கம் கையக் காட்டி வேண்டாங்கற மாதிரி தலையாட்டறாரு, எபி கையக் கூப்பறான். கெஞ்சறான் சார். மறுநாள் பாத்தா வாசல்ல போர்டு. 'உங்களுக்குப் பிடித்த இன்ட்ரோ. சனிக்கிழமை ஸ்பெஷல்.' விருந்தாளிங்க அவங்கவங்களுக்குப் புடிச்ச பாட்டோட இன்ட்ரோவச் சொல்லுவாங்களாம், எபி அத வாசிப்பானாம். இன்ட்ரோ மட்டும். பாட்டு கெடையாது! எப்படி இருக்குது கதை? சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு எலையப் போட்டு, தண்ணி தெளிச்சு, எந்திரிங்கன்னு சொன்ன மாதிரி.

அன்னிக்கு நான் மேடையில ஒரு நாற்காலியில உக்காந்திருந்தேன், மைக்க மடியில வச்சுக்கிட்டு. கல்யாண வீட்டுல மாப்பிள்ளைத் தோழனுக்காவது ஒரு வேல இருக்கும். எனக்கு அதுவுமில்ல. கூட்டம் அப்படி. ஒவ்வொருத்தரும் எந்திரிச்சு, 'இந்தப் பாட்டு, அந்தப் பாட்டு'ங்கறாங்க, எபி வாசிக்கறான். சிலதுக்கு ரெண்டு கம்பியத் தொட்டதுமே ஹால் பூரா கத்துது. வயசான ஒருத்தர், பெங்களூர்க்காரராம், ஊதுவத்தியக் கேட்டாரு. எபி என்னையப் பாத்தான். பாத்துட்டு ஆரம்பிச்சான். எபி வாசிக்க வாசிக்க அவர் கண்ண மூடிட்டு உக்காந்திருந்தாரு, கண்ணுல தண்ணி. கடைசி வளைவு வந்துச்சு. எபி கிட்டார் கழுத்த எறக்கினான், என்னைய 'வா'ங்கற மாதிரி. காலத் தட்டினான். கண்ணால கெஞ்சறான், வாடா, வாடாங்கறான். இன்ட்ரோ மட்டும்தான்னு போர்டு போட்டவன் இப்ப எதுக்குக் கூப்பிடறான்? பிச்சையா? நான் மைக்கத் தொடல. ஜன்னலப் பாத்துட்டு உக்காந்திருந்தேன். அவன் அந்தக் கடைசி வளைவவே சுத்திச் சுத்தி வந்துட்டு, அப்புறம் மெதுவா நிறுத்திட்டான்.

நம்பியாருக்கு ஒரே சந்தோசம். இனி வாராவாரம் வைக்கலாம்னு எபி முதுகுல தட்டறாரு. எபி என்கிட்ட ஓடி வந்து, 'சீசன் பூரா நம்ம குரூப்புத்தாண்டா, ஒருத்தரையும் மாத்த மாட்டாங்களாம், நீ கவலப்படாத'ங்கறான். நான் எதுக்கு சார் கவலப்படணும்? கவலப்பட வச்சதே அவன்தான?

அன்னிக்குத்தான் நான் வெடிச்சேன். மன்சூர், வெயிட்டருங்க எல்லாரும் பாக்கறாங்க, எனக்கு அதெல்லாம் தோணல. 'கேட்டுக்கோ எபி. வர்ற சனிக்கிழம மலர்க்கண்காட்சிக் கூட்டம். இன்ட்ரோ ஸ்பெஷல் கெடையாது, முழுப்பாட்டு. ரெக்கார்டுல எப்படி இருக்கோ அப்படியே ஒரே ரவுண்டு. காலத் தட்டக்கூடாது, கழுத்த ஆட்டக்கூடாது, என் பலகையில ஏறக்கூடாது, என் மூஞ்சியப் பாக்கக்கூடாது. நான் பாட்டுக்காரனா இல்ல உன் கைப்பிள்ளையான்னு அன்னிக்குத் தெரிஞ்சுரட்டும்'னேன்.

'வேண்டாண்டா விக்டர்'ன்னான்.

'ஏன், பயமா இருக்குதா? என் பாட்டக் கேட்டா உன் இன்ட்ரோவ மறந்துருவாங்கன்னு பயமா?'

அவன் வாயி அசையுது, என்னமோ சொல்ல வர்றான், முழுங்கிக்கறான். அப்புறம், 'சரிடா'ன்னான். அந்த 'சரிடா' மட்டும் தெளிவாக் கேட்டுது எனக்கு.

சனிக்கிழம வந்துச்சு. ஹால்ல நிக்க எடமில்ல. நான் புதுக்கோட்டு போட்டுக்கிட்டு நடுமேடையில மைக்கோட போயி நின்னேன், கூட்டத்தப் பாத்து. ஊதுவத்திதான் மொதப் பாட்டு, நான்தான் சொன்னேன். எபி எனக்குப் பின்னாடி, நான் சொன்னபடியே தள்ளி நின்னுட்டான். நிக்கறேன். அவன் எப்ப ஆரம்பிப்பான்னு நிக்கறேன். கூட்டம் என்னையப் பாக்குது. அவன் ஆரம்பிக்கவே மாட்டேங்கறான். முன்வரிசையில ஒரு பொண்ணு புருஷன் காதுல என்னமோ சொல்லிச் சிரிக்குது. எனக்கு வேர்க்குது, ஊட்டிக் குளிர்ல வேர்க்குது சார். என்னடா இவன்னு திரும்பிப் பாத்தா, வெரல் ஓடிட்டு இருக்குது. மன்சூரு அடிச்சுட்டு இருக்கறான். எல்லாம் எப்பவோ ஆரம்பிச்சு, என் எடமெல்லாம் தாண்டிப் போயிட்டு இருக்குது. எபி வாய்க்கு முன்னாடி இன்னொரு மைக்கு. பாடறான்! எபி பாடறான் சார், என் பாட்ட, என் மொத வரிய! அவனுக்குப் பாட வராது. காலனியில கிறிஸ்துமஸ் பாட்டுக்கே பின்வரிசையில நின்னு வாயசைச்சவன் அவன். கண்ணுல தண்ணி ஒழுக ஒழுகப் பாடறான், பாடிக்கிட்டே என்னையப் பாத்து வா, வாங்கற மாதிரி தலையாட்டறான்.

இப்ப சொல்லுங்க, இது திட்டம் போட்டுப் பண்ணினதா இல்லையா? எனக்குத் தெரியாம, பூனை நடக்கற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு, நான் நிக்கறப்பவே என் வரிய எடுத்துக்கிட்டான். கைதட்டு போதல, என் தொண்டையும் வேணும் அவனுக்கு. நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க, இருங்க, முடிச்சுடறேன்.

மைக்கக் கீழ வச்சுட்டு எறங்கிட்டேன். நேரா ரூமுக்குப் போயிப் பெட்டியக் கட்டிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். எபி கிட்டார மாட்டினபடியே பின்னாடி ஓடி வர்றது வாசல் கண்ணாடிக் கதவுல தெரியுது. பாதியில விட்டுட்டு வந்துட்டான் போல. என் கோட்டப் புடிச்சு இழுத்தான். நான் திரும்பல. திரும்பிப் பாத்தா அழுதுருவேன்னு எனக்குத் தெரியும். கோட்ட உதறிட்டு ஆட்டோவுல ஏறிட்டேன். அவன உயிரோட கடைசியாப் பாத்தது அப்படித்தான். பாக்கவே இல்ல, முதுகுக்குப் பின்னாடிதான் இருந்தான்.

வீட்டுக்கு வந்த பின்னாடி போன் பண்ணுவான். பண்ணுவான், பேச மாட்டான்! அதான் எனக்கு இன்னும் புரியல சார். அவன் பேரு போன்ல தெரியுது. எடுக்கறேன். 'ம், சொல்லு'ங்கறேன். சத்தமே இல்ல. 'வாயில என்ன கொழுக்கட்டையா, பேசுடா'ங்கறேன். ஒண்ணுமில்ல. மூச்சு விடற மாதிரி, காத்தடிக்கற மாதிரி என்னமோ இருக்கும். நானும் காதுல வச்சுக்கிட்டே உக்காந்திருப்பேன். மன்னிப்புக் கேக்க வாய் வரலன்னா எதுக்குடா போனு? வச்சுருவேன். மறுபடியும் ரெண்டு நாள் கழிச்சு அதே கூத்து. கடைசில எடுக்கறதையே விட்டுட்டேன்.

எனக்கும் ஆசைதான் சார், பேசணும்னு. பொய் சொல்ல மாட்டேன். சாயங்காலமானா கை அந்தப் போன்கிட்டத்தான் போகும். 'டேய், வா, ஊதுவத்தி வாசி, எல்லாம் சரியாப் போச்சு'ன்னு சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். ஆனா பேசாம இருக்கறவன்கிட்ட நான் மட்டும் எப்படிப் பேசறது? எனக்கும் ரோசம் இருக்குதில்ல?

முந்தாநாள் மன்சூரு வீட்டுக்கு வந்தான். கதவத் தட்டித் தட்டிப் பாத்துட்டு ஜன்னல் வழியா கையாட்டினான். எபி போயிட்டான்னான். பேப்பர்ல எழுதற மாதிரி நிறுத்தி நிறுத்தி, மூஞ்சிக்கு நேரா சொன்னான். அதோட விட்டானா? எபியண்ணன் அன்னிக்கே ஓட்டல் வேலைய விட்டுட்டாருண்ணே, நம்பியார் எவ்வளவு சொல்லியும் நிக்கல, 'உள்ள வர ஆளில்லாம நான் எதுக்கு ஆரம்பிச்சுட்டு இருக்கணும்?'னு கேட்டாருன்னான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பண்ணினது உறுத்தியிருக்குது. மன்சூரு இன்னும் என்னென்னமோ சொன்னான், நான் எங்க கேட்டேன். எபி போயிட்டான்கறதுக்கு மேல எனக்கு ஒண்ணும் ஏறல.

நேத்து சர்ச்சுல எபி மனைவி புஷ்பம் என்னைய ஒரு ஞானப்பாட்டுப் பாடச் சொன்னா. அவனுக்குப் புடிச்ச பாட்டு. பெட்டிக்குப் பக்கத்துல போயி நின்னேன். நல்ல மழை, கூரை மேல தடதடன்னு. கீபோர்டுக்காரர் எப்ப ஆரம்பிப்பாருன்னு நிக்கறேன். நான் நிக்கறேன், கூட்டம் பாக்குது, எபி கண்ண மூடிப் படுத்திருக்கறான். கோட்டு போட்டுப் படுக்க வச்சிருந்தாங்க. வெரல் நுனியில கம்பித் தழும்பு அப்படியே இருந்துச்சுங்க. இந்த வெரல்தான எனக்கு எப்பவும் கதவத் தெறந்து விட்டுதுன்னு நெனச்சேன். இனிமே எந்தப் பாட்டுக்கும் எனக்கு ஆரம்பம் கெடையாது சார். யாரு வாசிச்சாலும் அது எனக்கு ஆரம்பமாகாது.

அப்ப புஷ்பம் மொதப் பெஞ்சுல இருந்து எந்திரிச்சு வந்து என் மணிக்கட்டப் புடிச்சா. புடிச்சு அமுக்கறா, விடறா, அமுக்கறா, விடறா, ஒரே சீரா. பாவம், புருஷனப் பறிகொடுத்தவ, துக்கத்துல கை அப்படித் துடிக்குது. கடைசில ஒரு இறுக்கு இறுக்கினா பாருங்க, எனக்குள்ள என்னமோ ஒடைஞ்சு பாட்டு தானா வெளிய வந்துருச்சு. எல்லாரும் அழுதாங்க. நல்லாப் பாடினேன்னு நெனைக்கறேன். பாட்டு முடியற வரைக்கும் அவ கைய விடல.

கல்லறைத் தோட்டத்துல எல்லாம் முடிஞ்சு மண்ணு போட்டதும் மறுபடி என்கிட்ட வந்தா. ஒரே குடைக்கூட்டம், மழைச் சத்தம். 'அண்ணா'ன்னு ஆரம்பிச்சு ரொம்ப நேரம் பேசினா. அழுதுக்கிட்டே பேசறா. கிட்டார் வாசிக்கற மாதிரி கையக் காட்டறா, காதத் தொட்டுக் காட்டறா, என் நெஞ்சத் தொடறா, குழியக் காட்டறா. அந்த மழையில எனக்கு ஒரு வார்த்தகூட ஒழுங்கா விழல சார். திருப்பிக் கேக்கறதுக்கு அது நேரமா? கேக்கணும்னு அவசியமும் இல்ல. புருஷன் பண்ணினதுக்குப் பொண்டாட்டி வந்து மன்னிப்புக் கேக்கறா, வேற என்ன கேக்கப் போறா? எனக்கும் மனசு எளகிப் போச்சு. அவ ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, 'போகட்டும்மா புஷ்பம். எபி எனக்குப் பண்ணின எல்லாத்தையும் நான் மன்னிச்சுட்டேன்'னு சொன்னேன். நாலு பேருக்குக் கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன்.

அவ பேச்ச நிறுத்திட்டு என்னையவே பாத்தா. குடை கையில இருந்து விழுந்தது கூடத் தெரியாம மழையில நின்னு பாத்தா. அப்புறம் என் கையிலயே மூஞ்சியப் பொதச்சுக்கிட்டு அப்படி அழுதா சார், அப்படி அழுதா. பாவம், அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இத்தன நாளாக் காத்துட்டு இருந்திருக்கறா போல.